வயர் நன்றாகத்தான் இருந்தது

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவமனைத் தலைவர் அவர்களே, நிர்வாக அதிகாரி அவர்களே, இதய டாக்டரம்மா அவர்களே, முன்வரிசையில் மகளின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் என் தம்பி மனைவியே, மூன்று ஷிஃப்டிலிருந்தும் வந்து கூடியிருக்கும் தோழர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நம் ஸ்ட்ரெச்சர் பிரிவின் மூத்த பணியாளர், இருபத்தெட்டு ஆண்டுகள் இந்தக் கட்டடத்தின் தாழ்வாரங்களில் நடந்தவர், நாம் எல்லோரும் 'நிதானம்' என்றும் நான் தம்பி என்றும் கூப்பிட்டவர், இன்று நம்மிடம் இல்லை. அவருடைய இதயத்தில் இருந்த கோளாறு இரண்டு வருடமாகக் காகிதத்தில் பதிவாகிக்கொண்டு வந்தது. அந்தக் காகிதங்களை எடுத்தவன் நான். நோட்டில் ஒட்டியவன் நான். பார்த்தும், அது மனிதனின் கோளாறு அல்ல, மெஷினின் கோளாறு என்று சாதித்தவனும் நான்தான். தவறு இதுதான். இதை முதலில் சொல்லாமல் அவரைப் புகழ்ந்து பேச எனக்கு வாய் வராது.

நிர்வாக அதிகாரி மேடை ஏறும்முன் என்னிடம் சொன்னார்: ஐந்து நிமிடம் பேசுங்கள், நல்லதாக நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று. நல்லதைச் சொல்கிறேன். ஐந்து நிமிடத்தில் முடியாது.

நிதானம் என்ற பெயர் அவருக்கு எப்படி வந்தது? புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது. ஸ்ட்ரெச்சரில் படுத்திருப்பவருக்குக் கூரை மட்டும்தான் தெரியும். எங்கே போகிறோம், எப்போது திரும்புகிறோம், ஒன்றும் தெரியாது. நம்மவர் ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால் சொல்வார்: "இப்ப வலது பக்கம் திரும்பறோம். இப்ப லிஃப்ட். சின்னதா ஒரு குலுக்கல் இருக்கும்." அந்தக் குலுக்கலும் இருக்காது. லிஃப்ட் வாசலில் முன்சக்கரங்களைத் தன் கையாலேயே தூக்கி வைப்பார். சக்கரத்துக்கு எண்ணெய் கேட்டு என் ரிப்பேர் அறைக்கு வாரம் தவறாமல் வருவார். நான் எண்ணெய்க் குப்பியை ஒளித்து வைப்பேன், அவர் கண்டுபிடிப்பார். இருபது வருடம் இதே விளையாட்டு.

ஒருமுறை ஆபரேஷன் அறை வாசலில் நின்று ஒரு பெரிய டாக்டர் சத்தம் போட்டார், இவ்வளவு மெதுவாகவா வருவது என்று. இவர் நடையை மாற்றவில்லை. பக்கத்தில் வந்து நின்ற பிறகு சொன்னார்: "வேகமா வரலாம் டாக்டர். வர்றவர் முழுசா வரணுமே." டாக்டரே சிரித்துவிட்டார். அன்றிலிருந்து நிதானம்.

அந்த நிதானத்தை நாம் அவர் இதயத்தின் மேலும் ஏற்றி வைத்தோம். கேன்டீனில் யாரோ அவர் கையைப் பிடித்து நாடி பார்த்து, "என்னண்ணே, நாற்பதுகூட இல்லையே, உள்ளேயும் நிதானம்தானா?" என்று கேட்டபோது மேசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இப்போது என் காதில் எப்படிக் கேட்கிறது தெரியுமா?

இனி என் கதை. நான் படித்தவன் அல்ல. இந்த மருத்துவமனைக்கு லிஃப்ட் கம்பிகளுக்குக் கிரீஸ் போட வந்தேன். வீசி எறிந்த மெஷின்களைப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். நாற்பது வருடத்தில் நான்கு இன்ஜினியர்கள் சான்றிதழோடு வந்தார்கள், போனார்கள். மெஷின் நின்றால் கூப்பிட்டது என்னைத்தான். ஆனாலும் வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே இன்றுவரை 'உதவியாள்' என்றுதான் இருக்கிறது. இந்த மனத்தாங்கலை நான் மறைத்ததில்லை. இன்றும் மறைக்கவில்லை. ஏனென்றால் நடந்ததில் அதற்கும் பங்கு உண்டு.

இ.சி.ஜி. மெஷினை ரிப்பேர் செய்தால் அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சின்னப் பெட்டி உண்டு. மனிதனுக்குப் பதிலாக அந்தப் பெட்டியே இதயம் போலத் துடித்துக் காட்டும். நம்முடைய பெட்டி நாலரை வருடத்துக்கு முன் கெட்டுப்போனது. வேறு கேட்டேன், வரவில்லை. அதனால் ஒரு வழக்கம் ஏற்படுத்தினேன். மெஷினைப் பிரித்து மாட்டியதும் கையில் கிடைக்கும் பணியாளர் ஒருவரை மேசையில் படுக்க வைத்து ஒரு பேப்பர் எடுப்பது. கோடு தெளிவாக இருக்கிறதா, நடுக்கம் இல்லையா, அவ்வளவுதான் பார்ப்பது. பிறகு அந்தப் பேப்பரை மெஷின் நோட்டில் ஒட்டி, தேதியும் யார் படுத்தார் என்பதும் எழுதி வைப்பது. அதை யாரும் படிப்பதில்லை. மெஷினுக்காக எடுத்தது, மனிதனுக்காக எடுத்தது இல்லை. இதுதான் எங்கள் அறையின் சட்டம். போட்டவன் நான்.

அதிகம் படுத்தவர் நிதானம். அசையாமல் படுப்பார், கோடு சுத்தமாக வரும். "சம்பளத்தோட படுத்துக்கிற வேலை எனக்கு இது ஒண்ணுதான்ணே" என்பார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று நாலேகால் வருடத்தில் பதினேழு பேப்பர்.

டாக்டரம்மா பிறகு எனக்குச் சொல்லிக்கொடுத்ததை நான் உங்களுக்குச் சொல்கிறேன். இதயத்தில் மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. துடிக்கச் சொல்லும் மின்சாரம் மேலே பிறக்கிறது. மேல் அறைகள் சுருங்குகின்றன. பேப்பரில் அது ஒரு சின்ன மேடு. பிறகு அந்த மின்சாரம் நடுவில் உள்ள ஒரு சின்ன முடிச்சைக் கடந்துதான் கீழே போக வேண்டும். அங்கே ஒரு கணம் தாமதிக்கும். கடந்ததும் கீழ் அறைகள் சுருங்கி உடம்புக்கு ரத்தத்தை அனுப்பும். பேப்பரில் அது உயரமான கூர். மேடு, சிறு இடைவெளி, கூர். ஒவ்வொரு துடிப்புக்கும் இப்படித்தான் வர வேண்டும். அந்த இடைவெளி, பேப்பரில் அச்சிட்ட சின்னக் கட்டங்களில் ஐந்தைத் தாண்டக் கூடாது.

நிதானத்தின் முதல் பேப்பரில் இடைவெளி நான்கு கட்டம். ஒன்பதாவதில் ஆறரை. பன்னிரண்டாவதில் எட்டு. பதின்மூன்றாவது பேப்பரில், மேடு இருக்கிறது, இடைவெளி இருக்கிறது, கூர் இல்லை. வெறும் கோடு. பிறகு அடுத்த மேடு. மேலே கிளம்பிய மின்சாரம் கீழே போய்ச் சேரவில்லை.

நான் என்ன செய்தேன்? வயரை மாற்றினேன்.

பதினான்காவது பேப்பரிலும் கூர் விட்டுப்போனது. நெஞ்சில் ஒட்டும் ரப்பர் குமிழ்களை மாற்றினேன். பதினைந்தாவதிலும் விட்டுப்போனது. உள்ளே இருக்கும் போர்டையே கழற்றி வேறு மாட்டினேன். மேசையில் படுத்தபடி நிதானம் சொன்னார்: "இந்த மெஷினுக்கு என்னைப் பிடிக்கலை போலிருக்குண்ணே." நான் சொன்னேன்: "உன் மேல குத்தமில்லடா. மெஷின்தான் சரியில்ல."

தோழர்களே, நான் வயர்க்காரன். வயர் விட்டுப்போனால் அந்த நேரத்தில் கோடு முழுவதும் குலையும். கூர் போகும்போது சின்ன மேடும் போகும். இது எனக்குத் தெரியாதா? நாற்பது வருடமாகத் தெரியும். கூர் மட்டும் காணாமல் போய், மேடு தன் நேரம் தவறாமல் அடுத்தடுத்து வந்துகொண்டிருந்தால், அது எந்த வயரின் கோளாறு? உலகத்தில் எந்த வயரும் அப்படி அறுவதில்லை.

தெரிந்தும் ஏன் பார்க்கவில்லை? எனக்கு அந்தக் கோளாறு தேவைப்பட்டது. அதுதான் உண்மை. பழைய மெஷினை மாற்றச் சொல்லி ஆறு வருடமாக ஐந்து கடிதம் எழுதியிருந்தேன். உதவியாளின் கடிதம்தானே, பதிலே வரவில்லை. ஆறாவது கடிதத்தில் நிதானத்தின் அந்த மூன்று பேப்பரையும் இணைத்தேன். 'இயந்திரம் துடிப்புகளைத் தவறவிடுகிறது, ஆதாரம் காண்க' என்று எழுதினேன். என் தம்பியின் இதயம் நின்று நின்று போன இடங்களைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, என் வழக்குக்குச் சாட்சியாக அனுப்பினேன்.

அந்தக் கடிதம் மூன்று அறை கடந்தது. பண்டக அறை, நிர்வாகம், துணைத் தலைவர் அலுவலகம். மூன்று பேர் கையெழுத்திட்டார்கள். ஒரு முத்திரை, கூர் இருக்க வேண்டிய அந்த வெற்று இடத்தின் மேலேயே விழுந்திருக்கிறது. எழுதியவனும் பார்க்கவில்லை, முத்திரை குத்தியவர்களும் பார்க்கவில்லை. மெஷின் வந்தது. நான் வென்றுவிட்டேன். பிரிவு முழுக்க டீ வாங்கிக் கொடுத்தேன்.

புது மெஷினில் முதலில் படுத்தவரும் அவர்தான். பதினாறாவது பேப்பர். கூர் விட்டுப்போயிருந்தது. இப்போது இரண்டு மேட்டுக்கு ஒரு கூர்.

இ.சி.ஜி. அறையில் வேலை பார்க்கும் தங்கை அந்தப் பேப்பரை நெடுநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: "பெரியவரே, இதை டாக்டரம்மாகிட்ட ஒரு தடவை காட்டிடலாமா?"

நான் சொன்னது இது, வார்த்தை மாறாமல் சொல்கிறேன்: "மெஷின் டெஸ்டை டாக்டர்கிட்ட கொண்டுபோனா, ரிப்பேர்க்காரனுக்கு மெஷின் தெரியலைன்னு ஆயிடும். கம்பெனி வயர் லூஸு. நான் பார்த்துக்கறேன்."

புது மெஷினும் அதையே காட்டுகிறது என்றால் பழைய மெஷின் நல்ல மெஷின். பழைய மெஷின் நல்லது என்றால் என் ஆறாவது கடிதம் பொய். அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. வயரைக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பினேன். வேறு வயர் வந்தது. பதினேழாவது பேப்பர். அதே கோடு. நோட்டில் ஒட்டி, பக்கத்தில் 'வயர் மீண்டும் சரியில்லை' என்று எழுதினேன். என் கையெழுத்து. ஒன்பது நாள் கழித்து அவர் போய்விட்டார்.

அவர் ஒன்றும் சொல்லாமலும் இல்லை. சாய்தளத்தில் இரண்டு முறை உட்கார்ந்துவிட்டார். "கண்ணு ஒரு நிமிஷம் அணைஞ்சு எரியுதுண்ணே, பல்பு மாதிரி" என்றார். நான் வேடிக்கை பேசினேன். வோல்டேஜ் குறைச்சல், போய்ச் சாப்பிடு என்றேன்.

அன்று காலை பதினொன்றே கால் மணி. இரண்டாம் மாடித் தாழ்வாரம். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரை ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். அந்த அம்மா இன்று ஊன்றுகோலோடு வந்து மூன்றாம் வரிசையில் இருக்கிறார். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். திரும்பும் இடம் இல்லை, லிஃப்ட் இல்லை, நடுவழி. நிதானம் காலால் பிரேக்கை மிதித்து ஸ்ட்ரெச்சரை நிறுத்தினார். "ஒரு நிமிஷம் நிக்கிறோம்மா" என்றார். பிறகு விழுந்தார். ஸ்ட்ரெச்சர் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. தன் கண் இருளும்போது அடுத்தவரின் சக்கரத்தைப் பூட்டிவிட்டுப் போனவர் அவர். இதைவிடப் பெரிய புகழ்ச்சி எனக்குத் தெரியாது.

மெஷினைக் கொண்டு வா என்று கத்தினார்கள். புது மெஷினைத் தள்ளிக்கொண்டு ஓடியது நான்தான். டாக்டரம்மா அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். வயர்களை மாட்டினோம். கோடு பார்க்க அவர் ஒரு கணம் கையை எடுத்தார். பேப்பர் வெளியே வந்தது. அதில் சின்ன மேடுகள் மட்டும் வரிசையாக வந்தன. மேடு, மேடு, மேடு. ஒரு கூர்கூட இல்லை. மேலே சொல்லிக்கொண்டே இருந்தது. கீழே கேட்கவே இல்லை.

அந்த நேரத்தில் என் கை எங்கே போனது தெரியுமா? வயருக்குப் போனது. தரையில் என் தம்பி கிடக்கிறான், நான் மண்டியிட்டு வயரை அழுத்திப் பார்க்கிறேன். இ.சி.ஜி. தங்கை என் கையைப் பிடித்து எடுத்துவிட்டார்.

"வயர் நல்லாத்தான் இருக்கு, பெரியவரே. விடுங்க."

நாற்பது நிமிடம் போராடினார்கள். டாக்டரம்மா மேல் எந்தக் குறையும் இல்லை. நான்காம் நாள் மெஷின் நோட்டை அவர் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டினார். பதின்மூன்றாவது பேப்பரில் விரலை வைத்துக் கேட்டார், இது எப்போது எடுத்தது என்று. ஒரு வருடம் ஆகிறது என்றேன். அவர் நோட்டை மூடினார். பிறகு சொன்னார், நெஞ்சுக்குள் ஒரு சின்னக் கருவி வைத்திருந்தால் அந்த முடிச்சு செய்யாத வேலையை அது செய்திருக்கும், அவர் இன்னும் பல வருடம் ஸ்ட்ரெச்சர் தள்ளியிருப்பார் என்று.

விசாரணைக் குழு அறிக்கை கொடுத்துவிட்டது. இயற்கை மரணம். யார் மீதும் தவறில்லை. மெஷின் சோதனைத் தாள்கள் மருத்துவ ஆவணங்கள் அல்ல. சோதனை செய்தவர் முறையான கல்வி பெறாதவர் என்பதால் அவரிடம் விளக்கம் கேட்கத் தேவையில்லை. நாற்பது வருடம் என் வேலையை ஏற்காதவர்கள், இப்போது என் தவறையும் ஏற்க மறுக்கிறார்கள். படிக்காதவன் என்று சொல்லி என்னை மன்னித்துவிட்டார்கள். அந்த மன்னிப்பு எனக்கு வேண்டாம். எனக்கு மேடு தெரியும், கூர் தெரியும், வயர் தெரியும். தெரிந்தவன் செய்த தவறு இது.

போன வாரம் நிதானத்தின் வீட்டுக்குப் போய் இதையெல்லாம் சொன்னேன். தம்பி மனைவி அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. ஒன்றே ஒன்று சொன்னார். கண் இருட்டுகிறது என்று அவர் சொன்ன நாளிலிருந்து டாக்டரிடம் போகச் சொல்லி இவர் நச்சரித்திருக்கிறார். அதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே என்னிடம் சொன்னார்.

"மூணு மாசத்துக்கு ஒரு தடவை அண்ணன் என்னைப் படுக்க வெச்சு எடுக்கிறாரே. ஏதாவது இருந்தா அவர் சொல்ல மாட்டாரா?"

நாங்கள் மெஷினைச் சோதிப்பதாக நினைத்தோம். அவரோ தன் உடம்பை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று நினைத்துப் படுத்திருக்கிறார். பதினேழு முறை. என்னை நம்பித்தான் அவர் டாக்டரிடம் போகவில்லை. டாக்டரின் வாசலை மறித்து நின்றவன் நான். சாகும்வரை அந்தப் பாரத்தை என்னால் இறக்கி வைக்க முடியாது, இறக்கி வைக்கும்படி யாரும் சொல்லவும் வேண்டாம்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன்.

நிர்வாக அதிகாரி அவர்களே, அறிக்கையில் 'யார் மீதும் தவறில்லை' என்ற வரியை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள். ஆறாவது கடிதத்தில் கையெழுத்திட்ட மூவரின் பெயரையும் அதற்குக் கீழே எழுதுங்கள். கெட்டுப்போன அந்தச் சோதனைப் பெட்டிக்குப் பதில் வேறு வாங்குங்கள். இது என் ஏழாவது கடிதம், வாயால் தருகிறேன், முந்நூறு பேர் சாட்சி.

தலைவர் அவர்களே, ஆண்டுதோறும் பணியாளர் உடல்நலப் படிவம் என்று ஒன்று நிரப்புகிறோம். நாடித் துடிப்பு என்ற இடத்தில் எல்லோரும் எழுபத்திரண்டு என்று எழுதுகிறோம். நிதானத்தின் படிவத்திலும் எழுபத்திரண்டுதான். அடுத்த மாதம் முதல் ஒவ்வொருவர் கையையும் பிடித்து, கடிகாரம் பார்த்து, எண்ணி எழுதச் சொல்லுங்கள்.

இ.சி.ஜி. தங்கையே, உன்னிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன். நீ கேட்டது சரி. இனி மனித உடம்பிலிருந்து எடுத்த பேப்பர் எதுவும், எதற்காக எடுத்திருந்தாலும், டாக்டர் பார்வைக்குப் போகாமல் நோட்டில் ஒட்டாதே. நான் தடுத்தால் என்னை அறைக்கு வெளியே அனுப்பு.

ஸ்ட்ரெச்சர் தம்பிகளே, திருப்பத்துக்கு முன்னால் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். இதற்கு யார் உத்தரவும் வேண்டாம்.

நான் வேலையை விடப்போவதில்லை. விட்டுப் போவது சுலபம். விரட்டினால் போகிறேன், அதுவரை அதே அறையில், அதே மெஷினோடு இருப்பேன். மெஷின் நோட்டை மட்டும் இதோ டாக்டரம்மா கையில் கொடுக்கிறேன். இனி அது மெஷின் நோட்டு அல்ல.

கடைசியாக ஒன்று. இந்த நோட்டில் நிதானத்தைத் தவிர இன்னும் பதினான்கு பணியாளர்களின் பேப்பர் இருக்கிறது. நேற்று மாலை டாக்டரம்மாவும் நானும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பதின்மூன்று பேருக்கு ஒன்றுமில்லை. ஒருவருக்கு, மேட்டுக்கும் கூருக்கும் நடுவே ஏழு கட்டம்.

அவர் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார். யார் என்று சொல்ல மாட்டேன். இன்று காலை அவரிடம் தனியாகச் சொல்லிவிட்டேன். உடனே டாக்டரம்மாவைப் பார் என்றேன். "கூட்டம் முடியட்டும்ணே, அவருக்கு மரியாதை செஞ்சிட்டுப் போறேன்" என்றார்.

தம்பி, நீ செய்ய வேண்டிய மரியாதை இந்த நாற்காலியில் இல்லை. மாடிப்படி வேண்டாம், லிஃப்டில் போ. முதல் மாடி, இடது பக்கம் இரண்டாவது கதவு. இ.சி.ஜி. தங்கை மேசையைத் தயாராக வைத்திருக்கிறார். டாக்டரம்மா உனக்கு முன்னால் அங்கே இருப்பார்.

என் பேச்சு முடிந்தது. நான் இறங்கிப் போய் அந்தக் கதவருகே நிற்கிறேன். நீ வரும்வரை நிற்பேன்.